'வீரன்' என்று ஒரு கப்பல்

1783-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 20-ந் தேதி. மாலை 4 மணி கடந்துவிட்டது.

கடலூருக்கு எதிரே, கடலில், இரண்டு வரிசையாகப் போர்க்கப்பல்கள் நிற்கின்றன. ஒரு வரிசையில் 18 கப்பல்கள். அது இங்கிலாந்தின் கடற்படை. இன்னொரு வரிசையில் 15 கப்பல்கள். அது பிரான்சின் கடற்படை.

பீரங்கிகள் முழங்கின. புகை கடலை மூடியது. இருட்டும் வரையில் சண்டை நடந்தது. இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 200 பேர் செத்தார்கள். 800 பேருக்கு மேல் காயம் அடைந்தார்கள்.

இதில் கொடுமை என்ன தெரியுமா?

அதற்கு 5 மாதத்துக்கு முன்பே, ஜனவரி 20-ந் தேதி, பிரான்சில் உள்ள வெர்சேல்ஸ் நகரில், "இனிச் சண்டை வேண்டாம்" என்று இரு நாட்டாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்! அந்தச் செய்தி கடலூருக்கு இன்னும் வந்து சேரவில்லை. அவ்வளவுதான்.

தந்தி இல்லாத காலம். செய்தி மனிதனோடுதான் வரவேண்டும். மனிதன் கப்பலோடுதான் வரவேண்டும். கப்பல் காற்றோடுதான் வரவேண்டும். கையெழுத்து ஆன 151-வது நாளில், கடலூர்க் கடலில் 200 பேர் உயிர் இழந்தார்கள்.

அன்று பிரெஞ்சு வரிசையின் நடுவில் நின்ற ஒரு கப்பலின் பெயர் "எரோ". பிரெஞ்சு மொழியில் "வீரன்" என்று பொருள்.

அந்தக் கப்பலையும், அதன் தளபதியையும் பிரெஞ்சு வரலாற்று நூல்கள் வானளாவப் புகழ்கின்றன. புகழட்டும். தப்பு இல்லை. ஆனால், அந்தப் புகழுக்கு விலை கொடுத்தது யார் யார்? அந்தக் கணக்கில் நம் கரையோர மக்களின் பங்கு எவ்வளவு? அதையும் சேர்த்துச் சொன்னால்தான் "வீரன்" கதை முழுக் கதை ஆகும்.

74 பீரங்கி

பிரான்சு நாட்டின் தெற்குக் கரையில் தூலோன் என்று ஒரு துறைமுகம் இருக்கிறது. அங்கேதான் "எரோ" கட்டப்பட்டது. 1778-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி அதைத் தண்ணீரில் இறக்கினார்கள்.

அப்போது அமெரிக்கா, இங்கிலாந்தை எதிர்த்து விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்தது. பிரான்சு அமெரிக்காவின் பக்கம் சேர்ந்தது. ஆகவே, இங்கிலாந்தும் பிரான்சும் எங்கே சந்தித்தாலும் அங்கே சண்டை. நம் ஊர்க் கடலும் அதற்குத் தப்பவில்லை.

"எரோ"வில் 74 பீரங்கிகள் இருந்தன. கீழ்த்தளத்தில் பெரிய பீரங்கிகள். அவற்றின் ஒரு குண்டு 17 கிலோவுக்கு மேல் எடை உள்ளது. அரிசி மூட்டையைத் தூக்கவே மூச்சு வாங்குகிறது என்பவர்கள், ஆடும் கப்பலில், புகையில், அந்தக் குண்டைத் தூக்கிப் பீரங்கி வாயில் போடுவதை நினைத்துப் பார்க்கலாம்.

கப்பல் முழுவதும் மரம். 3 பெரிய பாய்மரங்கள். எந்திரம் கிடையாது. காற்று அடித்தால் ஓடும். நின்றால் நிற்கும். அதற்குள் ஏறத்தாழ 700 பேர் வாழ்ந்தார்கள். ஒரு சிறு கிராமமே மரப்பெட்டிக்குள் அடைந்து கிடந்தது போலத்தான்.

குடிதண்ணீர் பீப்பாயில் கெட்டுப்போகும். ரொட்டி புழுத்துப்போகும். பச்சைக் காய்கறி கண்ணிலேயே படாது. அதனால் பல் ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, மாலுமிகள் சாவார்கள். அந்த நோய்க்கு "ஸ்கர்வி" என்று பெயர். அந்தக் காலத்தில் பீரங்கிக் குண்டுக்குச் செத்த மாலுமியைவிட நோயில் செத்த மாலுமியே அதிகம்.

குண்டு மனிதர்

1781-ஆம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி, பிரான்சின் பிரெஸ்த் துறைமுகத்தில் இருந்து "எரோ" புறப்பட்டது. கூட 4 போர்க்கப்பல்கள். தலைவர் பெயர் சுப்ரேன்.

புதுச்சேரிக்குப் போனவர்கள், கடற்கரைக்கு அருகே பழைய பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியில் "சுப்ரேன் வீதி" என்று ஒரு தெரு இருப்பதைப் பார்த்திருக்கலாம். அந்தச் சுப்ரேன்தான் இவர்.

ஆள் மிகப் பருமன். உடை அழுக்கு. பேச்சு கரடுமுரடு. அவரை நேரில் பார்த்த வில்லியம் ஹிக்கி என்ற ஆங்கிலேயர், "பார்த்தால் கசாப்புக் கடைக்காரர் போல இருக்கிறார்" என்ற பொருள்பட எழுதி வைத்தார். ஆனால் கடல் சண்டையில் அவருக்கு இணை இல்லை என்பதைப் பகைவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

வழியில், ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கேப் வெர்டே தீவில் உள்ள பிராயா துறைமுகத்தில், ஆங்கிலேயக் கப்பல்கள் நங்கூரம் போட்டுத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தன. அது போர்ச்சுகீசியர் துறைமுகம். போரில் சேராத நாடு. அங்கே சண்டை போடக்கூடாது என்பது முறை. சுப்ரேன் முறையைப் பார்க்கவில்லை. "எரோ" நேராக உள்ளே புகுந்து, பகைவர் நடுவில் நின்று, சுட்டது.

வெற்றியா? முழு வெற்றி இல்லை. ஆனால் அந்த ஆங்கிலேயப் படை தாமதப்பட்டது. சுப்ரேன் முந்திக்கொண்டு போய், டச்சுக்காரரிடம் இருந்த நன்னம்பிக்கை முனையைக் காப்பாற்றினார். அங்கிருந்து இன்று மொரீஷியஸ் என்று சொல்லப்படும் தீவுக்கு வந்தார். அங்கே இருந்த பிரெஞ்சுக் கப்பல்களோடு சேர்ந்து நம் கரைக்குப் புறப்பட்டார். மூத்த தளபதி வழியிலேயே நோயில் இறந்தார். 1782 பிப்ரவரியில் முழுப் படையும் சுப்ரேன் கைக்கு வந்தது.

துறைமுகம் இல்லாத படை

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்.

பிரெஞ்சுக்காரருக்கு அப்போது நம் கரையில் ஒரு துறைமுகம்கூட இல்லை. புதுச்சேரியை 1778-லேயே ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். ஆங்கிலேயருக்குச் சென்னை இருந்தது. பம்பாய் இருந்தது. பம்பாயில் கப்பல் பழுது பார்க்கும் துறை இருந்தது. ஒரு பாய்மரம் ஒடிந்தால் அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம். சுப்ரேனுக்கு ஒடிந்த பாய்மரம் ஒடிந்ததுதான்.

துணைக்கு ஒருவர் இருந்தார். மைசூரை ஆண்ட ஹைதர் அலி. அவர் 1780-ல் பெரும் படையோடு மலைக் கணவாய்களைக் கடந்து ஆர்க்காட்டுச் சீமைக்குள் இறங்கி, ஆங்கிலேயரோடு போரிட்டுக்கொண்டிருந்தார். ஹைதருக்குக் கடலில் துணை வேண்டும். சுப்ரேனுக்குக் கரையில் சோறு வேண்டும். இருவரும் சேர்ந்தார்கள்.

1782 பிப்ரவரி 17-ந் தேதி சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே முதல் சண்டை. ஆங்கிலேயத் தளபதி எட்வர்டு ஹியூஸ். சண்டை முடிந்து, பிரெஞ்சுத் துருப்புகள் பறங்கிப்பேட்டையில் இறங்கின. ஏப்ரலில் கடலூர் அவர்கள் வசம் ஆயிற்று.

ஏப்ரல் 12-ந் தேதி இலங்கையின் கிழக்குக் கரைக்கு அருகே இரண்டாவது சண்டை. இரு பக்கமும் சேர்த்து 270 பேருக்கு மேல் செத்தார்கள். "எரோ" மிகவும் அடிபட்டது. சுப்ரேன் வேறு கப்பலுக்கு மாறவேண்டி வந்தது.

ஜூலை 6-ந் தேதி நாகப்பட்டினத்துக்கு எதிரே மூன்றாவது சண்டை. நடுவில் திடீரென்று காற்று திசை மாறியது. இரண்டு வரிசைகளும் கலைந்து தாறுமாறாயின. "செவேர்" என்ற பிரெஞ்சுக் கப்பலின் தலைவர் பயந்து, கொடியை இறக்கச் சொன்னார். கொடியை இறக்கினால் சரணாகதி என்று அர்த்தம். கொடி இறங்கியது. ஆனால் அவருக்குக் கீழே இருந்த அதிகாரிகள் ஒப்பவில்லை. கொடியை மறுபடி ஏற்றிச் சுடத் தொடங்கினார்கள்!

அன்று பிரெஞ்சுத் தரப்பில் 178 பேர் செத்தார்கள். 600 பேர் காயம்.

மூன்று சண்டைகள். ஒன்றிலும் தெளிவான வெற்றி இல்லை. ஒரு பெரிய போர்க்கப்பலைக்கூட எவரும் பிடிக்கவில்லை. பிறகு நடந்த இரண்டு சண்டைகளும் அப்படித்தான்.

கடலூர் வீடுகள்

நாகப்பட்டினச் சண்டைக்குப் பிறகு சுப்ரேன் கடலூருக்கு வந்தார். கப்பல்கள் ஒவ்வொன்றும் சல்லடையாக இருந்தன. பாய்மரம் இல்லை. பலகை இல்லை. கயிறு இல்லை. "மொரீஷியசுக்குத் திரும்பிவிடலாம்" என்று சொன்னவர்கள் உண்டு. சுப்ரேன் மறுத்தார். திரும்பினால் ஹைதர் கைவிட்டுவிடுவார். கரையும் போய்விடும் என்பது அவர் கணக்கு.

அப்படியானால் மரத்துக்கு எங்கே போவது?

சிறு கப்பல்களின் பாய்மரங்களைக் கழற்றிப் பெரிய கப்பல்களுக்கு மாட்டினார்கள். பிடித்த கப்பல்களைப் பிரித்தார்கள். அதுவும் போதவில்லை. கடலூரில் வீடுகளை இடித்து, உத்தரங்களையும் மரங்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிரெஞ்சு நூல்களில் இதைப் படிக்கும்போது, "ஆகா, என்ன சாமர்த்தியம்!" என்று தோன்றும். சாமர்த்தியந்தான். ஒரு பழுது பார்க்கும் துறை இல்லாமல், அந்நியக் கரையில், தச்சர்களின் கைவேலையை நம்பி ஒரு கடற்படையை 16 மாதம் மிதக்க வைத்தது சாதாரணக் காரியம் அல்ல. உண்மையைச் சொன்னால், சுப்ரேனின் ஐந்து சண்டைகளையும்விட இதுதான் பெரிய சாதனை. "எரோ"வின் வீரம் அதன் பீரங்கியில் பாதி, அதன் தச்சர்களின் உளியில் பாதி.

ஆனால் இடிந்தது யாருடைய வீடு?

உத்தரம் என்பது சாதாரணப் பொருளா? வீடு கட்டும்போது அதற்குப் பூசை போட்டு ஏற்றுகிற வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. ஒரு குடும்பத்தின் கூரையே அதன் மேல்தான் நிற்கிறது. அந்த மரம் போய், பிரான்சு மன்னரின் கப்பலுக்கு முட்டுக் கொடுத்தது. அந்த வீட்டுக்காரர்களுக்கு அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றி என்ன தெரியும்? சுப்ரேனின் பெயரைச் சொல்லும் நூல்கள், அந்த வீட்டுக்காரர் ஒருவரின் பெயரையாவது சொல்லவில்லை.

மெத்தை போட்ட நவாப்

அந்த ஜூலை மாதத்தில்தான், கடலூருக்கு அருகே ஹைதர் அலியும் சுப்ரேனும் சந்தித்தார்கள். ஹைதரின் பாசறை பாகூர்ப் பக்கம் இருந்தது. யானை, குதிரை, வரிசை எல்லாம் பிரமாதம்.

கம்பளத்தில் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னார்கள். பருத்த சுப்ரேன் திண்டாடினார். அதைப் பார்த்த ஹைதர் மெத்தைகளையும் திண்டுகளையும் கொண்டுவரச் சொல்லி, "வசதிபோல உட்காரலாம்" என்றார். இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போயிற்று.

இந்த நட்பில் ஒரு கறை உண்டு. அதை மறைக்கக்கூடாது.

சுப்ரேனிடம் நூற்றுக்கணக்கான ஆங்கிலேயக் கைதிகள் இருந்தார்கள். கைதிகளை மாற்றிக்கொள்ளலாம் என்று சென்னைக்குச் சொல்லி அனுப்பினார். ஒத்து வரவில்லை. கப்பலில் தன் ஆட்களுக்கே சோறு போதாது. கரையில் அடைத்துவைக்க இடமும் இல்லை. கடைசியில் அந்தக் கைதிகளை ஹைதரிடம் ஒப்படைத்துவிட்டார். அவர்கள் மைசூர்ச் சிறைகளுக்குப் போனார்கள். பலர் திரும்பி வரவில்லை.

"வேறு வழி இல்லை" என்று சுப்ரேனுக்காக வாதாடுகிறவர்கள் உண்டு. வழி குறைவு என்பது மெய். ஆனால், இளமையில் சுப்ரேனே இரண்டு முறை ஆங்கிலேயரிடம் கைதியாக இருந்தவர்! 1747-ல் ஒரு தரம். 1759-ல் ஒரு தரம். இரண்டு தரமும் உயிரோடு வீடு திரும்பினார். கைதியின் கஷ்டம் தெரிந்த மனிதர் கைதிகளைக் கைமாற்றிவிட்டார் என்பதுதான் மனத்தை உறுத்துகிறது.

கொடி விழுந்தது

ஆகஸ்டு மாதக் கடைசியில், ஆங்கிலேயர் டச்சுக்காரரிடம் இருந்து பிடித்து வைத்திருந்த திருகோணமலையைச் சுப்ரேன் பிடித்தார். இப்போதுதான் அவருக்கு ஒரு நல்ல துறைமுகம் கிடைத்தது. ஹியூஸ் காப்பாற்ற ஓடி வந்தார். மூன்று நாள் பிந்திவிட்டார்!

செப்டம்பர் 3-ந் தேதி திருகோணமலைக்கு எதிரே நான்காவது சண்டை. சுப்ரேன் அவசரப்பட்டார். மற்றக் கப்பல்கள் சரியாகப் பின்தொடரவில்லை. சில தலைவர்களுக்குத் தெரியவில்லை. சிலருக்கு மனம் இல்லை. பெரிய இடத்துப் பிள்ளைகளான அவர்கள் சுப்ரேனை வெறுத்தார்கள். "எரோ"வும், இன்னும் இரண்டு கப்பல்களும் நடுவில் மாட்டிக்கொண்டன.

"எரோ"வின் நடுப் பாய்மரம் முறிந்து விழுந்தது. அதோடு தளபதியின் கொடியும் விழுந்தது. "சுப்ரேன் சரண் அடைந்துவிட்டார்" என்று எண்ணி ஆங்கிலேயர் ஆரவாரம் செய்தார்கள்.

சுப்ரேன் வெறி பிடித்தவர் போல் கத்தினார். "கொடிகளைக் கொண்டு வா! கப்பல் முழுவதும் கொடி கட்டு!"

மாலையில் காற்று மாறியது. மற்றக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. "எரோ" பிழைத்தது. அன்று பிரெஞ்சுத் தரப்பில் செத்தவர் 82 பேர். அவர்களில் 64 பேர் அந்த மூன்று கப்பல்களைச் சேர்ந்தவர்கள். கொடி கட்டச் சொன்னவரின் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. அந்தக் குண்டுமழையில் ஏறிக் கொடி கட்டியவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

கஞ்சித் தொட்டி

கடலில் கொடிச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, கரையில் மக்கள் சோற்றுக்குச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

போரினால் ஆர்க்காட்டுச் சீமையில் வயல்கள் பாழாயின. கிராமத்தார் ஓடினார்கள். கூட்டம் கூட்டமாகச் சென்னைக்கு வந்தார்கள். சென்னைக்கு அரிசி கடல் வழியாக, வங்காளத்தில் இருந்து வரவேண்டும். கடலில் பிரெஞ்சுக் கப்பல்கள். சரக்குக் கப்பல்களை அவை பிடித்தன. அவற்றில் அரிசிக் கப்பல்களும் உண்டு.

போதாக்குறைக்கு, 1782 அக்டோபர் 15-ந் தேதி சென்னையில் பெரும்புயல் அடித்தது. கரையோரம் நின்ற கப்பல்கள் நொறுங்கின. அவற்றில் இருந்த அரிசியும் கடலில் போயிற்று.

சென்னை முழுவதும் பஞ்சம். பட்டினிக்காரருக்குக் கஞ்சி ஊற்ற 1782-ல் மணியக்காரர் சத்திரம் ஏற்பட்டது. அதன் வழியில் வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. வடசென்னையில் முதியவர்கள் அதைக் "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்று சொல்வது இதனால்தான். அந்தக் கஞ்சித் தொட்டிக்கும், வெர்சேல்ஸ் அரண்மனைக்கும், "வீரன்" கப்பலுக்கும் தொடர்பு உண்டு என்று சொன்னால் நம்பமுடிகிறதா? ஆனால் உண்டு.

பஞ்சத்துக்குச் சுப்ரேன் ஒருவரே காரணம் என்று சொல்வது அநியாயம். இரு தரப்புப் படையும் கரையில் செய்த நாசம்தான் முதல் காரணம். மழையும் புயலும் கூட்டாளிகள். என்றாலும், கடலை அடைத்தால் கரையில் அடுப்பு அணையும். இதை அந்த வீர வரலாறுகள் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகின்றன.

வீரன் கப்பலில் வீரன் இல்லை

வாடைக் காற்றுக் காலத்தில் நம் கரையில் பாய்மரக் கப்பல் நிற்க முடியாது. ஹியூஸ் பம்பாய்க்குப் போனார். சுப்ரேன் சுமத்திராவில் உள்ள அச்சேக்குப் போனார். டிசம்பர் 7-ந் தேதி ஹைதர் அலி இறந்தார். மகன் திப்பு சுல்தான் போரைத் தொடர்ந்தார்.

1783 மார்ச்சில் பிரான்சில் இருந்து புதிய துருப்புகளோடு புஸ்ஸி என்ற தளபதி வந்தார். ஜூன் மாதம் ஆங்கிலேயப் படை கடலூரில் அவரை வளைத்துக்கொண்டது. ஜூன் 13-ந் தேதி கரையில் கடும் சண்டை. ஆங்கிலேயத் தரப்பில் மட்டும் ஆயிரத்தை ஒட்டிய பேர் செத்தும் காயம் பட்டும் விழுந்தார்கள். அவர்களில் இந்தியச் சிப்பாய்கள் ஏராளம்.

கடலூரைக் காப்பாற்றச் சுப்ரேன் வந்தார். அவருடைய கப்பல்களில் பீரங்கிக்கு ஆள் பற்றவில்லை. புஸ்ஸியின் படையில் இருந்து 1,200 பேரை ஏற்றிக்கொண்டார். அவர்களிலும் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். ஆங்கிலேயக் கப்பல்களில் ஆட்கள் பலர் ஸ்கர்வி நோயில் கிடந்தார்கள்.

ஒரு வேடிக்கை. அந்தக் கடைசிச் சண்டையில் சுப்ரேன் "எரோ"வில் இல்லை!

முந்திய ஆண்டு மேற்கிந்தியத் தீவுக் கடலில் கிராஸ் என்ற பிரெஞ்சுத் தளபதி தம் கப்பலோடு பிடிபட்டுவிட்டார். ஆகவே, "தளபதிகள் இனிச் சண்டை வரிசைக்கு வெளியே, சிறு கப்பலில் இருந்துதான் கட்டளை இடவேண்டும்" என்று மன்னர் உத்தரவு போட்டார். முறைகளை மதிக்காத சுப்ரேன் இந்த முறையை மட்டும் மதித்தார். "கிளியோபாத்ரா" என்ற சிறு கப்பலில் ஏறினார். "வீரன்" கப்பல், தன் வீரர் இல்லாமலே, குண்டு வாங்க வரிசையில் நின்றது.

அவ்வளவு தொலைவில் இருந்து தளபதி உயிரைக் காப்பாற்றும் உத்தரவு வந்து சேர்ந்தது. சமாதானச் செய்தி மட்டும் வந்து சேரவில்லை.

சண்டை முடிந்து ஹியூஸ் சென்னைக்குப் போனார். 9 நாள் கழித்து, ஜூன் 29-ந் தேதி, வெள்ளைக்கொடி கட்டிய ஆங்கிலேயக் கப்பல் ஒன்று கடலூருக்கு வந்தது. "சமாதானம் ஆகிவிட்டது!"

9 நாள். அந்தக் கப்பலுக்கு முன்னாலேயே நல்ல காற்றுக் கிடைத்திருந்தால் 200 பேர் பிழைத்திருப்பார்கள். இதை விதி என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால், கையெழுத்துப் போட்டவர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள். சண்டையைத் தொடங்கும்போது அந்த மேஜைக்காரர்களுக்குத் தெரியாதா, அதை நிறுத்தும் சொல் கடலூர் போய்ச்சேர 5 மாதம் ஆகும் என்று?

யாருக்கு என்ன கிடைத்தது?

பிரான்சுக்குப் புதுச்சேரியும் காரைக்காலும் திரும்பக் கிடைத்தன. பிடித்த கடலூரை ஆங்கிலேயரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். திருகோணமலையை டச்சுக்காரரிடம் கொடுத்தார்கள். நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர் வைத்துக்கொண்டார்கள். திப்பு 1784-ல் தனியாக உடன்படிக்கை செய்துகொண்டார். வீட்டு உத்தரம் போனவர்களுக்கு எந்த உடன்படிக்கையிலும் இடம் இல்லை.

1784 மார்ச் 26-ந் தேதி "எரோ" தூலோன் திரும்பியது. கட்டிய ஊருக்கே வந்து சேர்ந்தது. சுப்ரேனுக்கு ஊர் ஊராக வரவேற்பு. அவருக்கு என்றே கடற்படையில் புதிதாக ஓர் உயர்ந்த பதவியை மன்னர் ஏற்படுத்தினார். அவர் இறந்தால் அந்தப் பதவியும் போய்விடும் என்று ஏற்பாடு. 1788-ல் அவர் இறந்தார்.

அடுத்த ஆண்டே பிரான்சில் புரட்சி வெடித்தது. பிறகு மன்னரின் தலையும் போயிற்று. 1793 ஆகஸ்டில், புதுச்சேரியை ஆங்கிலேயர் மறுபடியும் பிடித்துக்கொண்டார்கள். ஐந்து சண்டைகளின் பலன் பத்தே ஆண்டுகளில் கரைந்தது.

அதே ஆகஸ்டில், புரட்சியைப் பிடிக்காத தூலோன் நகரத்தார், தங்கள் துறைமுகத்தை ஆங்கிலேயரிடமே ஒப்படைத்தார்கள். துறைமுகத்தில் நின்ற "எரோ"வும் அதோடு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. சண்டையில் பிடிக்க முடியாத கப்பல்! அதை அவர்கள் சிறைச்சாலை ஆக்கினார்கள். புரட்சிப் பக்கம் இருந்த பிரெஞ்சுக்காரர்களைப் பிடித்து அதில் அடைத்தார்கள்.

புரட்சிப் படை நகரத்தை முற்றுகையிட்டது. பீரங்கிப் படைக்கு வழி காட்டியவர் 24 வயது இளைஞர். பெயர் நெப்போலியன். ஆங்கிலேயரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. டிசம்பர் 18-ந் தேதி இரவு, போகிற போக்கில் பிரெஞ்சுக் கப்பல்களைக் கொளுத்திவிட்டுப் போக முடிவு செய்தார்கள். அந்த வேலை சிட்னி ஸ்மித் என்ற அதிகாரிக்கு.

அவர் படகில் "எரோ"வுக்கு வந்தார். உள்ளே கைதிகள். முதலில் அவர்கள் எதிர்த்தார்கள். பக்கத்தில் வெடிமருந்துக் கப்பல் ஒன்று பயங்கரமாக வெடித்தது. துறைமுகமே பகலாயிற்று. கைதிகள் அடங்கினார்கள். அவர்களைப் படகுகளில் ஏற்றிப் பத்திரமாகக் கரையில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

பிறகு, ஆள் இல்லாத "எரோ"வுக்குத் தீ வைத்தார்கள்.